கோயிலைவிட்டு வெளியேறும் நம் பிள்ளைகள்: தலித் கிறித்தவமும் நாத்திகமும்

1

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் கொஞ்ச காலமாகவே ஒரு புலம்பல் கேட்கிறது. இளவட்டங்கள் பூசைக்கு வருவதில்லை. வந்தாலும் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கதை பேசிவிட்டு, காணிக்கைத் தட்டு வரும் நேரத்துக்குக் கலைந்துவிடுகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் ஏறுக்குமாறாகக் கேள்வி கேட்கிறார்கள். சிலர் "சாமியே கெடையாது" என்று பெற்றவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். இதற்குச் சாமியார்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் காரணங்கள் நமக்கு மனப்பாடம்: செல்போன், சினிமா, குடி, கெட்ட சகவாசம், மேற்கத்திய நாகரிகம், கருப்புச் சட்டைக்காரர்கள். சி.எஸ்.ஐ. சபைகளிலும் இதே பாட்டுத்தான். அங்கே ஐயர் பாடுகிறார், இங்கே சாமியார் பாடுகிறார்; ராகம்கூட மாறுவதில்லை.

மேற்கில் கோயில்கள் காலியாகி வருவது உண்மை. அமெரிக்காவில் தம்மைக் கிறித்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 2007இல் 78 சதவீதம். 2023-24இல் 62 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையம். அங்கே அதற்கான காரணங்களைப் பேச அங்குள்ளவர்கள் இருக்கிறார்கள். குருக்கள் குழந்தைகளிடம் நடத்திய பாலியல் கொடுமைகள், அவற்றை ஆயர்கள் மூடி மறைத்தது, சபைகள் வலதுசாரி அரசியலோடு கைகோர்த்தது என்று அவர்கள் பட்டியல் போடுகிறார்கள். நம் சேரிப் பிள்ளை கோயிலைவிட்டுப் போவதை அந்தக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியாது. இவன் டார்வினைப் படித்துவிட்டு ஆதியாகமத்தைச் சந்தேகப்பட்டவன் இல்லை. சப்பரம் தன் தெருமுனையில் திரும்பிப் போனதைப் பார்த்துவிட்டு, அப்புறம் டார்வினைப் படித்தவன். இந்த வரிசை முக்கியம். இதைக் கவனிக்காமல் பேசுகிற எந்தப் பேச்சும், அது சாமியார் பேச்சாக இருந்தாலும் சரி, பகுத்தறிவாளர் பேச்சாக இருந்தாலும் சரி, நம்மைப் பற்றிய பேச்சாக இருக்காது.

எத்தனை பேர் இப்படி வெளியேறியிருக்கிறார்கள் என்று சொல்லும் கணக்கு நம்மிடம் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிறித்தவர்கள் 44 லட்சம் பேர், மக்கள்தொகையில் 6.12 சதவீதம். ஆனால் கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடம் வீட்டுப் பெரியவர் "கிறிஸ்டியன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டிலுள்ள ஐந்து பேரும் கிறித்தவர்தான். மூலையில் பெரியார் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளிடம் யாரும் கேட்பதில்லை. ஆகவே எண்ணிக்கையைத் தேடி அலைவதைவிட எழுத்தைத் தேடிப் போவது மேல். இந்த வெளியேற்றத்தின் தடயங்கள் நம் இலக்கியத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. 'கருக்கு', 'சிலுவைராஜ் சரித்திரம்', 'கோவேறு கழுதைகள்' ஆகிய மூன்று பிரதிகளையும் இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்துப் பார்க்கலாம்.

2

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. இதைச் சொல்லாமல் மேலே போனால், ஏதோ போன வருசம் வந்த ஒரு பங்குச் சாமியார் செய்த தப்பினால் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பதுபோல ஆகிவிடும்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவியும் பூணூலுமாகத் தன்னை ரோமாபுரிப் பிராமணராகக் காட்டிக்கொண்டார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் மதச் சின்னங்கள் இல்லை, வெறும் சமூக வழக்கங்கள்தான் என்று வாதாடினார். 1623இல் ரோம் அதை ஒப்புக்கொண்டது. மேல்சாதிக்காரர்களைத் தேடிப் போகும் சன்னியாசிச் சாமியாரும், தீண்டப்படாதவர்களையும் சந்திக்கலாம் என்ற பண்டாரச் சாமியாருமாக 1640 முதல் ஒரே சபையில் இரண்டு வகைக் குருக்கள் உண்டானார்கள். வேதம் ஒன்று, சாமி ஒன்று, சாமியார் மட்டும் இரண்டு.

புராட்டஸ்டண்டுகள் வந்தால் மாறிவிடும் என்றால் அதுவும் நடக்கவில்லை. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1733இல் அந்த மிஷன் முதல் தமிழ்க் குருவாக ஆரோனுக்குப் பட்டம் கொடுத்தது. அவர் வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் அடியும் உதையும் வாங்கிக்கொண்டு சபையை வளர்த்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்பதே அன்றைய கவலை. நூறு வருசம் கழித்து, 1833இல், சபைக்குள் சாதியே கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பினார். தஞ்சை வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கீர்த்தனைகளால் இன்றும் கொண்டாடப்படுகிற வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுத்தில் வாதாடினார். நம் சபைகளில் அவர் பாட்டைப் பாடுகிறோம். இந்தச் சங்கதியை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்சட்டைபோல இரண்டு கால், பீடத்தில் ஒன்றுசேரும் ஒரு இடுப்பு. ஒரு காலில் பிள்ளைமார், இன்னொரு காலில் நாடார்கள், நடுவில் தடுப்பு. 1910இல் தடுப்பை இடித்தபோது பிள்ளைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். இந்தச் சண்டையில் நாம் எந்தக் காலிலும் இல்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் அடியில் ஓடுவது ஒரே கருத்தியல்தான். விசுவாசம் ஆத்துமாவுக்கு, சாதி உடம்புக்கு. ஆத்துமா மோட்சத்துக்குப் போகும்; உடம்பு தனிக் கல்லறைக்குப் போகும். இன்றைக்குப் பையன்கள் கேட்கும் கேள்வி இந்தப் பிரிவினையைப் பற்றியதுதான். உடம்பைப் பிரித்து வைத்துவிட்டு ஆத்துமாவை மட்டும் எதற்குக் கூப்பிடுகிறாய் என்கிறார்கள்.

3

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. சேரியில் பிறந்த ஒரு பெண், படித்து, வாத்தியாராகி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். மடம் பணக்காரப் பிள்ளைகளுக்குச் சேவகம் செய்வதையும், தன் மக்களைப் பற்றி மடத்துக்குள் எவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறார்கள் என்பதையும் பார்க்கிறாள். ஏழு வருசம் கழித்து, கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வருகிறாள். தமிழில் தலித் தன்வரலாற்றுக்கு வழிதிறந்த இந்தப் பிரதி கொச்சையான, நம் வீட்டு மொழியில் எழுதப்பட்டதால் அன்றைக்கு இலக்கியக் கனவான்கள் முகம் சுளித்தார்கள். அந்த மொழிக் கலகத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே வேறொன்றைப் பார்ப்போம்.

'கருக்கு' சொல்பவள் மடத்தைவிட்டு வெளியேறுகிறாள், இயேசுவைவிட்டு வெளியேறவில்லை. பனங்கருக்கின் இரண்டு பக்கக் கூரையும், விவிலியத்தில் வரும் இருபுறமும் வெட்டும் வாளையும் ஒன்றாக வைத்துத்தான் அந்தத் தலைப்பே அமைந்தது. சபை மறைத்து வைத்த இயேசு ஒருவர் இருக்கிறார், அவர் ஒடுக்கப்பட்டவர்களோடு நின்றவர், அவரை நம்மிடமிருந்து ஒளித்துவிட்டு, பணிவையும் பொறுமையையும் மட்டும் நமக்குப் பிரசங்கித்தார்கள் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. அதாவது விவிலியத்தைக் கொண்டே சபையை விசாரிக்கிறாள். நாத்திகர்கள் பலபேர் 'கருக்'கைக் கிறித்தவத்துக்கு எதிரான புத்தகமாக மேடையில் தூக்கிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாதிப் புத்தகத்தைத்தான் வாசித்திருக்கிறார்கள். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்தப் புத்தகத்தை வெளியிட்டதே மதுரையில் சேசு சபையினர் நடத்திய ஆய்வு மையம்தான். சபையைக் குத்தும் ஊசியும் சபையின் பட்டறையிலேயே செய்யப்பட்டது என்கிற முரணை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். நம்மில் எத்தனையோ பேர் எழுத்துக் கற்றதே பாதிரிமார் பள்ளிக்கூடத்தில்தான். அந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நானும் இருந்திருக்கமாட்டேன்.

ஆனால் 'கருக்கு' வந்து முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இயேசு வேறு, சபை வேறு என்று பாமா பிரித்துக் காட்டியது ஒரு பெரிய நகர்வு. அடுத்து வந்த தலைமுறை அந்தப் பிரிப்பை அங்கேயே நிறுத்தவில்லை. சபை இல்லாத இயேசுவை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டது. பாமாவின் தலைமுறைக்கு விடுதலை இறையியல் இருந்தது. ஏழைகளின் பக்கம் நின்ற சில சாமியார்களும் சிஸ்டர்களும் இருந்தார்கள். 1980களில் தலித் இறையியல் என்ற சொல்லே புதிதாக, சூடாக இருந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நமக்கெல்லாம் பரட்டை ஐயா, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதுதான் நற்கருணை என்று பாடி நடந்தார். 2005இல் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த இறையியல் பட்டப் படிப்பாகவும் கருத்தரங்காகவும் ஆய்வேடாகவும் வளர்ந்தது. பங்குக்கு மட்டும் வரவில்லை. செமினரியில் பறை அடித்த சாமியார், பங்குக்கு மாற்றலாகி வந்ததும் ஊர்ப் பெரியமனுசன் வீட்டில்தான் சாப்பிடுகிறார். நம் தெருவுக்கு மந்திரிக்க மட்டும் வருகிறார். இறையியல் தாளில் விடுதலை ஆகிவிட்டோம். தேர்த் திருவிழாவில் ஆகவில்லை. பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒரே கண்ணால்தானே பார்க்கிறார்கள்.

4

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. 2024 நவம்பரில் அவர் இறந்துபோனார். நமக்குப் பெரிய இழப்பு. ஒரே வீட்டில், ஒரே புதுப்பட்டியில், ஒரே கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த இரண்டுபேர் எழுதிய இரண்டு பிரதிகளில் கடவுள் எவ்வளவு வேறுபட்டு வருகிறார் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. 'கருக்'கில் கடவுளிடம் கோபமும் கேள்வியும் நெருக்கமும் உண்டு. சிலுவைராஜிடம் சிரிப்பு இருக்கிறது. தன்னையே கேலி செய்துகொண்டு, விடுதிச் சோற்றையும் பாவசங்கீர்த்தனத்தையும் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகிற எழுத்து அது. அந்தச் சிரிப்பில் விசுவாசம் சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிடுகிறது. "இன்றோடு நான் நாத்திகன்" என்ற அறிவிப்புத் தேவைப்படவில்லை. நிஜ வாழ்க்கையிலும் நம் பிள்ளைகளில் நிறையப்பேருக்கு இப்படித்தான் நடக்கிறது.

கழன்று விழாமல் கடைசிவரை சிலுவைராஜைத் துரத்துவது சான்றிதழ். படித்த படிப்புக்கு வேலை இல்லை. கிறித்தவன் என்பதால் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது. கடைசியில், கடவுள் நம்பிக்கையோடு சம்பந்தமே இல்லாமல், வேலைக்காக இந்துவாக மதம் மாறுகிறான். அந்த மதமாற்றத்தை எந்தப் புனிதமும் இல்லாத ஒரு அரசாங்க வேலையாக, ஒரு மனு எழுதிக் கொடுப்பதுபோல நாவல் காட்டுகிறது. அதுதான் அதன் அரசியல்.

இந்தச் சான்றிதழின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் தலித் கிறித்தவ இளைஞனின் நாத்திகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று கட்டிவைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்த ஒரு தோழர், இந்துச் சக்கிலியருக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதென்று வழக்குப் போட்டார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை எடுக்கச் சொன்னது. அரசு கேட்கவில்லை. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். அதன் காலக்கெடுவையும் தள்ளிப்போட்டார்கள். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கும் போய்வந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிலுவைராஜ் இன்றைக்கு மனுப் போட்டால் என்ன ஆவான் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரே தெரு, ஒரே சாதி. இரண்டு பேருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. ஒருத்தியின் அப்பா மாரியம்மனைக் கும்பிட்டார். இன்னொருத்தியின் அப்பா மாதாவைக் கும்பிட்டார். முதல் பிள்ளை நாத்திகம் பேசினாலும் காகிதத்தில் இந்து ஆதிதிராவிடர், பட்டியல் சாதி. இரண்டாவது பிள்ளை நாத்திகம் பேசினாலும் காகிதத்தில் கிறித்தவ ஆதிதிராவிடர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். இரண்டு பேரையும் ஊர்த்தெருவில் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அப்படியானால் மதத்தைவிட்டு வெளியேறும் உரிமை இந்த நாட்டில் எல்லோருக்கும் சமமாக இல்லை. இந்துவாகப் பிறந்தவன் நாத்திகனானால் இந்து நாத்திகனாக இருக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. கிறித்தவச் சேரியில் பிறந்தவனுக்கு விசுவாசம் போய்விடும், விசுவாசத்துக்காக அரசு போட்ட அபராதம் மட்டும் போகாது. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகா 2019இல் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கினார். மதிக்கத்தக்க போராட்டம் அது. ஆனால் சாதியை மறந்துவிடத் தனக்கு அனுமதி இல்லாத பிள்ளைக்கு அந்தக் காகிதம் எந்த வாசலைத் திறக்கும்?

5

அப்படியானால் நாத்திகம் இவர்களிடம் எந்த வழியாக வந்தது? சபை நினைப்பதுபோலப் புத்தகம் வழியாக முதலில் வரவில்லை. அது தோழராக வந்தது.

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் பிணங்களையும் மற்றவர்களின் பிணங்களையும் பிரித்து ஒரு சுவர் வைத்திருந்தார்கள். சாதி கிறித்தவத்தையே மறுதலிப்பது என்று 1982இல் இந்திய ஆயர் பேரவை அறிக்கை விட்டது இதே திருச்சியில் கூடித்தான். 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் கண்டித்தார். சுவர் அசையவில்லை. 2010இல் அதை இடிக்கப் போனவர்கள் பெரியார் இயக்கத் தோழர்கள். உயிர்ப்பு நாள் என்று ஒன்று வரும், பிணங்கள் எழுந்திருக்கும் என்பதையெல்லாம் துளிகூட நம்பாதவர்கள், பிணங்களுக்கு நடுவே சுவர் கூடாதென்று கடப்பாரை தூக்கினார்கள். அதை நம்புகிறவர்கள் வழக்கு, பட்டா, முன்னோர் வழக்கம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கல்லறை வாசலில் நின்ற தலித் கிறித்தவப் பையனுக்கு யாரும் நாத்திகப் பிரச்சாரம் செய்திருக்க வேண்டியதில்லை.

எறையூரையும் நினைவுகூர்வோம். செபமாலை மாதா கோயில் பங்கில் சமமரியாதை கிடைக்கவில்லை, தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் போராடினார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கத்தோலிக்கர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இருவர் செத்தார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் செத்தவனும் ஒரே மாதாவிடம் செபமாலை சொன்னவர்கள். அந்தத் தவக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பதை நெருங்குகிறது. அவர்களைப் பார்த்து "ஏன் கோயிலுக்கு வருவதில்லை" என்று கேட்பதற்கு நிரம்பத் தைரியம் வேண்டும்.

இப்படித் தோழராக வந்த பிறகுதான் புத்தகம் வருகிறது. 1930களில் ஜீவா தமிழாக்கிய பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' வருகிறது. பெரியார் வருகிறார். அம்பேத்கர் வருகிறார். அம்பேத்கர் எழுதி வைத்து, 1989இல் அவருடைய எழுத்துத் தொகுதி ஐந்தில் அச்சான, மதம் மாறியவரின் நிலை பற்றிய கட்டுரையை ஒவ்வொரு தலித் கிறித்தவரும் படிக்க வேண்டும். இந்து மதம் உன் துன்பத்துக்குக் காரணம் உன் முற்பிறவிக் கர்மம் என்றது. கிறித்தவம் வந்து உன் ஆதித் தகப்பன் செய்த பாவம் என்றது. இரண்டுமே உன்னைச் சுற்றியிருக்கும் சமூகத்தைக் காரணமாகக் காட்டவில்லை, அதனால்தான் மதம் மாறியவனிடம் போராடும் உந்துதல் எழவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, செய்யாத பாவத்தையெல்லாம் நினைத்து நினைத்துச் சொன்ன பிள்ளைக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது பொறி தட்டாமல் இருக்குமா?

சபையைவிட்டுப் போகும் எல்லோரும் நாத்திகத்துக்குப் போவதாகவும் நினைக்கக்கூடாது. அதைவிடக் கூட்டம் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறது. அங்கே தகரக் கொட்டகையில் நம் ஆளே பாஸ்டர். நம் அக்காளே எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள். தலையில் கை வைத்து ஜெபிக்கிறவன் தொடத் தயங்குவதில்லை. தசமபாகம் வாங்கிக்கொண்டாலும் தொடுகிறான். நாத்திகத்துக்குப் போகும் தம்பியும் பெந்தெகொஸ்தேக்குப் போகும் அக்காவும் ஒரே இடத்திலிருந்து ஒரே காரணத்துக்காகத்தான் புறப்பட்டார்கள் என்பதை இருவருமே ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

6

இனி நாத்திகத்தையும் கொஞ்சம் விசாரிப்போம். நம் பக்கத்து ஆள் என்பதற்காக விட்டுவிட முடியாது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதில் ஆரோக்கியம் புதிரை வண்ணாத்தி. பறையர் காலனிக்குத் துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, சாவுக் காரியம் செய்து, வீடுவீடாகப் போய் ராச்சோறு எடுத்துப் பிழைக்கிறவள். சவுரி, சோசப்பு, பீட்டர், மேரி என்று வீடு நிறைய வேதக்காரப் பெயர்கள். அவளைச் சுரண்டுகிறவர்களும் தலித்துகளே என்பதால் அந்த நாவலை நம்மவர்கள் அன்றைக்கு ஏற்றுக்கொள்ளத் திணறினார்கள். சண்டையும் போட்டார்கள். அந்த விவாதம் இருக்கட்டும். ஆரோக்கியத்திடம் போய் ஒரு நாத்திகத் தோழர் "கடவுள் இல்லை" என்று சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். அவளுக்குக் கடவுள் என்பது ஒரு தத்துவக் கோட்பாடு இல்லை. ஊரும் சேரியும் இரண்டுமே கீழே தள்ளிய ஒருத்தி, மனசில் உள்ளதைச் சொல்லி அழ இருக்கும் ஒரே இடம். அதைப் பிடுங்குகிறவர், பதிலுக்கு என்ன கொண்டுவருகிறார்? அவள் சோற்றுக் கூடையைக் கீழே வைக்க ஒரு வழி சொன்னாரா? இந்தக் கேள்வியைக் கேட்காத நாத்திகம், சாமியாரின் பிரசங்கத்தைப்போலவே மேலேயிருந்து பேசும் இன்னொரு பிரசங்கம்தான்.

இன்னும் சில சங்கதிகள் உண்டு. பிள்ளையாரையும் கன்னி மாதாவையும் மேடையில் கிண்டல் செய்துவிட்டு, மகளுக்குச் சொந்தச் சாதியில் மாப்பிள்ளை தேடுகிற பகுத்தறிவாளர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கடவுளை விடுவது சுலபம், சாதியை விட முடியவில்லை. கடவுள் மறுப்பு சாதி ஒழிப்பின் ஒரு கருவியாக இருந்தபோதுதான் அதற்கு இந்த மண்ணில் மரியாதை இருந்தது. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' நடத்தியபோதும், அப்புறம் சுயமரியாதை இயக்கத்திலும் அந்தத் தொடர்பு இருந்தது. அது அறுந்துபோன இடத்தில் நாத்திகம் ஒரு படித்தவன் பொழுதுபோக்காகிவிடும்.

பெண் பிள்ளைகள் விசயத்தில் இது இன்னும் கடுமை. பையன் கோயிலுக்குப் போகாவிட்டால் "வயசுக் கோளாறு, கல்யாணமானால் சரியாயிடுவான்" என்கிறார்கள். பெண் போகாவிட்டால் "எவன் கூடவோ பழக்கம்" என்கிறார்கள். அவள் சாமி இல்லையென்று சொல்வதை ஒரு கருத்தாகக்கூட வீடு எடுத்துக்கொள்வதில்லை. வெளியேறி வரும் தோழிக்கு இயக்கத்திலும் டீ போடும் வேலைதான் காத்திருக்கிறது என்றால், மடத்தைவிட்டு வந்த 'கருக்கு'க்காரியின் நிலைக்கும் இவள் நிலைக்கும் என்ன வித்தியாசம்?

கல்யாணத்துக்கு வருவோம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா அரசு சட்ட அங்கீகாரம் கொடுத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அது இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம். இரண்டு இந்துக்களுக்கிடையே நடக்கும் திருமணத்துக்கானது. காகிதத்தில் கிறித்தவராக இருக்கும் நாத்திகப் பிள்ளை, கோயிலும் வேண்டாம் சாமியாரும் வேண்டாம் என்று வேறு மதத்துத் தோழனைக் கட்டிக்கொள்ள நினைத்தால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே 30 நாள் முன்னறிவிப்பு. பெயரும் விலாசமும் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். சாதி ஆணவக் கொலை நடக்கும் நாட்டில் 30 நாள் என்பது வெட்டரிவாள் தீட்டப் போதுமான அவகாசம். நம் நாத்திக அமைப்புகளில் எத்தனை பேர் இந்தச் சட்டச் சிக்கலைக் கையிலெடுத்திருக்கிறார்கள்?

அப்புறம் சாவு. கோயிலுக்குச் சந்தா கட்டாதவனுக்குக் கல்லறையில் இடம் இல்லை என்று சொல்லும் பங்குகள் உண்டு. சாமி இல்லையென்று வீறாப்பாய் இருந்த பிள்ளை, அப்பன் செத்த அன்றைக்குப் பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டு, மணி அடிக்கச் சொல்லிச் சாமியார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிறான். அவன் கோழை இல்லை. பிணத்தை வைத்துக்கொண்டு தத்துவம் பேச முடியாது, அவ்வளவுதான். பொதுச் சுடுகாட்டிலோ சாதிச் சுவர். கோயிலைவிட்டு வந்தவனுக்கு ஆறடி நிலம் தர எந்த இயக்கத்திடமும் இடம் இல்லை.

7

எல்லாவற்றையும்விட ஆபத்தான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிறித்தவத்தைவிட்டு ஒரு தலித் பிள்ளை வெளியே காலெடுத்து வைத்ததும், வாசலில் இன்னொருவன் வலையோடு காத்திருக்கிறான். "பார், கிறித்தவத்திலும் சாதி இருக்கிறது, தாய்மதத்துக்குத் திரும்பு" என்கிறான். சான்றிதழையும் தருகிறேன் என்கிறான். நாம் சபையைப் பற்றிச் சொல்லும் உண்மைகளையே பொறுக்கியெடுத்து நமக்கு எதிராகத் திருப்புகிறான். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது அதன் குறி யார்மீது இருந்தது என்பது நமக்குத் தெரியும்; 2004இல் அது போய்விட்டாலும் அந்த நினைப்பு போகவில்லை. 2008இல் கந்தமாலில் எரிக்கப்பட்டவை பெரும்பாலும் தலித், ஆதிவாசிக் கிறித்தவர்களின் குடிசைகள். ஆகவே சபையை விமர்சிக்கும் நாத்திகத் தலித், இரண்டு காரியங்களைச் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளே சாதிச் சுவரை இடிக்கக் கடப்பாரை எடுக்க வேண்டும். வெளியேயிருந்து கூரைக்கு நெருப்பு வைக்க வருகிறவனை மறித்து நிற்கவும் வேண்டும். விசுவாசம் இல்லை என்பதால் அந்தக் கூரை நம்முடையது இல்லை என்றாகிவிடாது. அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்ததும் மண் மிதித்ததும் நம் பாட்டன்மார்.

சபைக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட இளைஞர் முகாம், கிடார் பாட்டு, சுற்றுலா என்று செலவழிக்க வேண்டாம். இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. பேராயர் அந்தோணி பூலா 2022இல் கர்தினாலானபோது இந்தியாவின் முதல் தலித் கர்தினால் என்று செய்தி வந்தது. பிரான்சிஸ் சேவியர் வந்து இறங்கிய 1542இலிருந்து கணக்குப் போட்டால் 480 வருசம். கல்லறைச் சுவர், தேர்ப்பாதை, பங்குப் பேரவை, பள்ளி கல்லூரிகளில் வேலை, குருமடத்தில் இடம் என்று இவற்றில் கணக்குக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் வராவிட்டால், அது அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிய விசயம். அதில் உங்களுக்கும் எங்களுக்கும் பேச ஒன்றும் இல்லை.

வெளியேறி வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மாவின் செபமாலையைக் கிண்டல் செய்து உங்கள் பகுத்தறிவை நிரூபிக்காதீர்கள். அவள் கூலி வேலைக்குப் போகும் வழியில் உருட்டிய மணிகளில்தான் உங்கள் கல்லூரிக் கட்டணமும் இருந்தது. அவளோடு கல்லறைச் சுவரைப் பற்றிப் பேசுங்கள். அதில் அவள் உங்களைவிடக் கோபக்காரியாக இருப்பாள்.

கடைசியாக, இலக்கியத்துக்கே திரும்பி ஒரு குறையைச் சொல்கிறேன். கோயிலைவிட்டு வந்து, இயேசுவையும் விட்டுவிட்டு, ஆனால் இந்து என்று எழுதிக் கொடுக்கவும் மறுத்து, எந்தக் கட்டத்திலும் அடங்காமல் நிற்கும் ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு எனக்கு இன்னும் வாசிக்கக் கிடைக்கவில்லை. 'கருக்கு' நின்ற இடத்துக்கு அடுத்த அடி அது. சிலுவைராஜின் சிரிப்புக்குப் பின்னால் உள்ள மௌனம் அது. அந்தப் பிள்ளைகள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். கூட்டங்களுக்கு வருகிறார்கள், துண்டறிக்கை கொடுக்கிறார்கள், வீட்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேச்சு வாங்குகிறார்கள். எந்த நாள் எந்த இடத்தில் உங்களுக்கு விசுவாசம் விட்டுப்போனது, அன்றைக்கு யார் உங்களோடு நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று உங்கள் வீட்டு மொழியிலேயே எழுதுங்கள். பெயர் போட முடியாவிட்டால் பெயரில்லாமல் எழுதுங்கள். இந்த இதழின் பக்கங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன.